பழைய லோடருக்கு ஸ்டார்ட்டர் தேடும் தம்பிக்கு

கேள்வி: வணக்கம் அண்ணே. சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் மண்ணும் மரக்கழிவும் ஏற்றும் ஒரு சின்ன கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கிறேன். எங்களிடம் 1980களின் கடைசியில் வந்த ஜப்பான் வீல் லோடர் ஒன்று இருக்கிறது. இசுசு 6பிடி1 எஞ்சின், 24 வோல்ட். அதன் செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டர்) போய்விட்டது. கொஞ்ச நாளாகவே சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. டிரைவர் இறங்கி வந்து, பெரிய ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு டெர்மினலைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார். இப்போது அதற்கும் சரியாகச் சுற்றுவதில்லை. ஏஜென்சியில் இந்த மாடலுக்குப் பாகம் நிறுத்தி ரொம்ப வருடம் ஆகிறது என்கிறார்கள். செல்ஃப் மேல் இருந்த பிளேட் துருப்பிடித்து எண் தெரியவில்லை. இணையத்தில் ஒருவர் ‘அதே மாதிரி’ என்று சொல்லிப் புதிது விற்கிறார். ஜொகூர் பாருவில் ஹாஃப்கட் (பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும்) கடைக்காரர் எஞ்சினோடு எடுத்துக்கொள் என்கிறார். முதலாளி வண்டியை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார். ஹைட்ராலிக் ஒரு சொட்டு ஒழுகாத வண்டி அண்ணே, மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

— சுங்கை காடுட் வாசகர்

பதில்: தம்பி, ஸ்டார்ட்டர் பேச்சுக்கு முன்னால் ஒன்று. அந்த ஸ்க்ரூ டிரைவர் வேலையை இன்றோடு நிறுத்துங்கள். சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி ஐசொலேட்டரை (மெயின் ஸ்விட்ச்சை) அணைத்துப் பூட்டுங்கள். ஸ்டியரிங்கில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். வீல் லோடரில் தரையில் நின்று ஸ்டார்ட்டருக்குக் கை நீட்டுகிறவர் முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில்தான் நிற்கிறார். வண்டி நடுவில் மடங்கும் இடமும் அதுதான். இந்த வகை வண்டியில் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லை, டார்க் கன்வெர்ட்டர்தான். கியர் போட்டபடி ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சாவி லைனில் நியூட்ரல் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். டெர்மினலை நேரே சேர்த்தால் அந்தக் காவல் இல்லாமல் போகிறது. எஞ்சின் பிடித்த நொடியிலேயே பல டன் வண்டி நகரும். பிரேக்கை மிதிக்க மேலே ஆள் இருக்காது. இப்படி ஸ்டார்ட் செய்யப் போய் டயரின் கீழ் உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் டிரைவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கும். வேலை நிற்கிறது என்று முதலாளி சொன்னால், இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. டிரைவர் தனியாக இறங்கி வந்து, சாவியை யாரும் பிடித்திருக்காமல் ஸ்டார்ட் செய்தார் என்றால், அவர் சேர்த்தது பேட்டரி கேபிள் வரும் பெரிய டெர்மினலையும், ஸ்டார்ட்டரின் மின்காந்த ஸ்விட்ச்சான சொலினாய்டில் சின்ன ஒயர் வரும் எஸ் டெர்மினலையும்தான். இரண்டு பெரிய டெர்மினல்களை மட்டும் சேர்த்திருந்தால் மோட்டார் வெறுமனே சுழன்றிருக்கும், பினியன் (ஸ்டார்ட்டரின் சின்னப் பற்சக்கரம்) வெளியே வந்து ஃப்ளைவீல் ரிங்கில் (எஞ்சினின் பெரிய பல் வளையத்தில்) மாட்டியிருக்காது. ஆகவே அத்தனை நாளும் ஸ்டார்ட்டர் உயிரோடுதான் இருந்தது. சாவியிலிருந்து எஸ் டெர்மினலுக்கு வர வேண்டிய மின்சாரம்தான் முழுதாக வரவில்லை. முதல் நோய் ஒயரிங்கில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் விட்டு விட்டுத் தட்டியதில் சொலினாய்டு உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் கருகியிருக்கலாம். இப்போது சுற்றாததற்கு அது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கான்டாக்ட் கருகியதற்காக முழு ஸ்டார்ட்டரையும் வாங்க வேண்டியதில்லை. ஒயரிங் நோயைத் தீர்க்காமல் புதிது மாட்டினால், அதுவும் இதே கதிக்குத்தான் வரும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் மீட்டரைக் கையில் எடுங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். தனித்தனியாகவும் பாருங்கள். ஒன்று 12.6, இன்னொன்று 12-க்கும் கீழே என்றால் அந்த ஜோடியை நம்பி மற்ற எதையும் சோதிக்க முடியாது. பிறகு கியர் நியூட்ரலிலும் பார்க்கிங் பிரேக் போட்டும், சக்கரத்துக்குக் கட்டை வைத்தும், ஒருவர் சீட்டில் அமர்ந்து சாவியைத் திருப்பட்டும். நீங்கள் நீளமான ஒயரால் மீட்டரை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று படியுங்கள். நான்கு இடங்களில் அளவு வேண்டும்: பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவில், பேட்டரி பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய டெர்மினலுக்கும் நடுவில், பேட்டரி மைனஸ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவில், எஸ் டெர்மினலுக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவில்.

எஞ்சின் சுற்றும்போது பேட்டரி முனையில் 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது அளவுகள் ஒவ்வொன்றும் 1 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளிலோ, ஐசொலேட்டரிலோ, பேட்டரி ரிலேயிலோ, எர்த்திலோ கோளாறு. எர்த்தை லேசாக நினைக்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பட்டைக் கேபிள்தான் அத்தனை மின்சாரத்துக்கும் திரும்பும் வழி, சில நூறு ஆம்பியர் அதில் ஓடுகிறது. நம் ஊர் ஈரத்தில், அதுவும் ஜொகூர் நீரிணைக் காற்று படும் சுங்கை காடுட்டில், கேபிளின் மேல் உறை நன்றாகத் தெரியும். கேபிள் முனையின் லக்கின் அருகே உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு பச்சைப் பொடியாகி இருக்கும். விரலால் அழுத்தினால் நொறுநொறுவென்று இருக்கும். அந்தக் கேபிளை மாற்றாமல் என்ன ஸ்டார்ட்டர் போட்டாலும் பயனில்லை.

எஸ் டெர்மினலில் 20 வோல்ட்டுக்கு மேல் வந்து, உள்ளே ‘டக்’ என்று மாட்டியும் மோட்டார் சுற்றவில்லை, பேட்டரி வோல்ட்டும் இறங்காமல் நிற்கிறது என்றால் கான்டாக்டோ கார்பனோ (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் துண்டு) போய்விட்டது. வோல்ட் தடாலென்று விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. எஸ் டெர்மினலில் 14, 15 வோல்ட்தான் வருகிறது என்றால் நான் மேலே சொன்ன ஒயரிங் நோய். சாவி ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், சேஃப்டி ரிலே என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்க் குறை எங்கே என்று பாருங்கள். பல ஜப்பான் 24 வோல்ட் எஞ்சின்களில் அந்தச் சேஃப்டி ரிலே ஆல்டர்னேட்டரின் ஆர் டெர்மினலிலிருந்து தகவல் வாங்கி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஸ்டார்ட்டரை வெட்டிவிடும். அது பழுதானால் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம், எஞ்சின் ஓடும்போது ஸ்டார்ட்டர் விடுபடாமல் கூடவே சுழன்று எரிந்தும் போகலாம். முப்பது வருடத்தைத் தாண்டிய ஒயரை முழுதாக மாற்ற வழியில்லை என்றால், ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே ஒரு நல்ல 24 வோல்ட் ரிலேயை ஃபியூஸோடு வைத்து, சாவி லைன் அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். ஆனால் நியூட்ரல் ஸ்விட்ச் அந்த லைனிலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஒயர் இழுக்கும் எலெக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடாதீர்கள்.

எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்ப்பதும் அவசியம். ஐசொலேட்டரை அணைத்துவிட்டு, ஸ்டாப் நெம்புகோலை இழுத்துக் கட்டி, முன்பக்க கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மழையில் நின்ற வண்டியில் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி சிலிண்டரில் நின்றால், எந்த ஸ்டார்ட்டராலும் அதைச் சுற்ற முடியாது.

ஸ்டார்ட்டரைக் கழற்றியதும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃப்ளைவீல் ரிங்கின் பற்களைப் பாருங்கள். ஒரு இடத்தைப் பார்த்து முடித்துவிடாதீர்கள், முழுச் சுற்றும் பாருங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷன் அதை ஏறக்குறைய அதே மூன்று இடங்களில்தான் நிறுத்தும். பினியன் வந்து மோதுவதும் எப்போதும் அந்த மூன்று இடங்களில்தான். மற்ற இடமெல்லாம் புதிது போல இருக்கும், அந்த மூன்றில் மட்டும் பல்லின் முகப்பு கூர்மழுங்கித் தேய்ந்திருக்கும். ‘சில நாள் பிடிக்கிறது, சில நாள் கரகரவென்று வழுக்குகிறது’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். தேய்ந்த ரிங்கில் புதுப் பினியனைக் கொண்டுபோய் மாட்டினால் இரண்டும் சேர்ந்து கெடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த லோடர் காலையில் எவ்வளவு நேரம் சுற்றினால் பிடிக்கும்? இது நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின். சிங்கப்பூர் வெயிலில் நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மூன்று நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினைந்து இருபது நொடி சுற்றித்தான் பிடிக்கிறது என்றால், ஸ்டார்ட்டரைக் கொல்வது டீசல் லைனில் புகும் காற்று. இரவு முழுவதும் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. ஃபீட் பம்ப் வால்வையும், டீசல் குழாய்களை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்களையும், ஃபில்டர் சீலையும் பாருங்கள். 30 நொடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது, சுற்றினால் இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று எஞ்சின் கையேடுகள் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட்டரில் காற்றாடி இல்லை. சூடு வெளியேற வழி இல்லாமல் சால்டர் (ஈயப் பற்று) உருகி கம்யூட்டேட்டரிலிருந்து (கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையத்திலிருந்து) தெறித்துவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஸ்டார்ட்டர்தான் போயிருக்கிறது என்றால், தேடலாம். நீங்கள் தேடியது லோடரின் பெயரைச் சொல்லி. அதனால்தான் எல்லாக் கதவும் மூடியிருக்கிறது. லோடர் தயாரித்த கம்பெனி ஸ்டார்ட்டரும் செய்யவில்லை, எஞ்சினும் செய்யவில்லை. எஞ்சின் இசுசுவுடையது. ஸ்டார்ட்டர் ஹிட்டாச்சி, நிக்கோ போன்ற ஒரு மின்கருவிக் கம்பெனியுடையது. லோடர் மாடல் செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கலாம், ஆனால் 6பிடி1 சாகவில்லை. அது லாரியில் ஓடியது, ஹிட்டாச்சி இஎக்ஸ்200 எக்ஸ்கவேட்டரில் ஓடியது, ஜெனரேட்டரிலும் ஓடியது. அதன் அடுத்த தலைமுறையான 6பிஜி1 பிறகு வந்த இஎக்ஸ்200-5 வரை ஓடியது. ஸ்டார்ட்டர் பட்டியல்களில் 6பிடி1, 6பிஜி1 இரண்டையும் ஒரே வரியில் போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். 24 வோல்ட், 4.5 கிலோவாட், 11 பல் என்ற வகை அதில் பரவலானது. கடையில் போய் ‘இந்த லோடருக்கு இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘6பிஜி1 எக்ஸ்கவேட்டர் ஸ்டார்ட்டர், 24 வோல்ட், 11 பல் இருக்கா’ என்று கேளுங்கள், பதில் வேறாக இருக்கும். ஆனாலும் எஞ்சின் ஒன்று என்பதற்காகப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே எஞ்சினுக்கு லாரியில் ஒரு ஃப்ளைவீல் ஹவுசிங், லோடரில் வேறு ஹவுசிங் வரலாம். அதனால் பல் எண்ணிக்கையும், ஸ்டார்ட்டரை போல்ட் போட்டு மாட்டும் முகமான ஃபிளாஞ்சும் மாறலாம்.

பிளேட் துருப்பிடித்தது என்றீர்கள். சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். டீசலில் நனைத்த துணியை இரவு முழுவதும் அதன் மேல் சுற்றி வையுங்கள். காலையில் மெதுவாகத் துடைத்து, சாக்பீஸைப் படுக்கை வாட்டில் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மை போயிருக்கும், ஆனால் குத்திய எழுத்தின் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். பிளேட்டே இல்லையென்றால் உடம்பிலும் சொலினாய்டின் பின்பக்கத்திலும் தேடுங்கள், அங்கேயும் எண் குத்தியிருப்பார்கள். முழு எண் கிடைக்காவிட்டாலும் தொடக்கம் கிடைத்தால் போதும், யார் செய்தது என்று தெரிந்துவிடும். 1-81100 என்று தொடங்கினால் அது இசுசுவின் பாக எண். 0-23000 என்றால் நிக்கோ. எஸ்24, எஸ்25 என்று இருந்தால் ஹிட்டாச்சி. 028000, 128000, 228000 எல்லாம் டென்சோ. எம்2டி, எம்3டி, எம்4டி என்றால் மிட்சுபிஷி. 0 001 என்று தொடங்கினால் போஷ். ஸ்டார்ட்டர் செய்தவரின் எண் கிடைத்துவிட்டால், அதற்கு மாற்றாக எது பொருந்தும் என்று பட்டியல் வைத்திருக்கும் கடைக்காரர் நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எண்ணே கிடைக்கவில்லை என்றாலும் கவலை இல்லை, வெர்னியர் (நுண் அளவுகோல்) இருக்கிறது. இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பினியனில் எத்தனை பல், அதன் வெளி விட்டம் எத்தனை மில்லிமீட்டர். இரண்டும் வேண்டும், ஏனென்றால் 11 பல் என்பதிலேயே பல்லின் பருமன் வேறு வேறாக வரும், பருமன் மாறினால் ரிங்கில் சேராது. ஃபிளாஞ்சில் போல்ட் ஓட்டை இரண்டா மூன்றா, ஓட்டைக்கு ஓட்டை மையத்திலிருந்து மையம் எவ்வளவு. ஹவுசிங் துளைக்குள் உட்காரும் வட்டத் தோளின் விட்டம். ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து ஓய்வில் இருக்கும் பினியனின் முன்முகம் வரை தூரம். பினியன் பக்கமிருந்து பார்க்கும்போது வலமாகச் சுற்றுகிறதா இடமாகவா. சொலினாய்டு மேலே இருக்கிறதா, பக்கத்திலா, எந்தக் கோணத்தில். கடைசியாக, எர்த் உடம்பு வழியாகவா, அல்லது தனி எர்த் டெர்மினல் இருக்கிறதா. கப்பல், படகு எஞ்சின்களுக்கு வரும் சில ஸ்டார்ட்டர்களில் எர்த் உடம்போடு சேராமல் தனியே வரும். துறைமுக நகரமான நம் ஊரில் அப்படிப்பட்டவை பழைய சாமான் கடைகளில் கலந்தே கிடக்கும்.

சுற்றும் திசையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான எஞ்சினுக்கு வலச் சுற்றுத்தான். ஆனால் பழைய டெட்ராய்ட் டீசல் 71 வரிசை எஞ்சின்களை இரு திசைகளிலும் செய்தார்கள், படகில் இரட்டை எஞ்சின் வைப்பதற்காக. அதற்கான ஸ்டார்ட்டரும் இரு வகை. ‘பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மோட்டார்களில் ஃபீல்டு காயிலும் (சுழலாத சுருள்) ஆர்மேச்சரும் (சுழலும் பகுதி) ஒரே வரிசையில் இருப்பதால், முனையை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறும், சுற்று அதே திசையில்தான் இருக்கும்.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் வழிகள். என் கணிப்பில் முதலில் போக வேண்டியது பழைய ஸ்டார்ட்டரையே பழுது பார்க்கும் வழி. புதிதாக வருவது எல்லாம் இதைவிட உசத்தி என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஸ்டார்ட்டரில் ஹவுசிங்கும் ஆர்மேச்சரும் நன்றாக இருந்தால் மற்ற எல்லாம் மாற்றக்கூடியவை: சொலினாய்டு கான்டாக்ட், கார்பன், புஷ் (ஷாஃப்ட் சுழலும் உலோக வளையம்), பினியன் கிளட்ச். துவாஸ், பெஞ்சுரு, காக்கி புக்கிட் பக்கம் லாரி, கிரேன், படகு என்று எல்லாவற்றின் மின்வேலையும் செய்யும் பட்டறைகள் உண்டு. கொண்டு போகும்போது ‘ரிப்பேர் பண்ணுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆர்மேச்சரை க்ரௌலர் என்ற சோதனைக் கருவியில் வைத்து ஷார்ட் பாருங்கள், கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகப் பிடித்துவிட்டுப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவைச் செம்புக்குக் கீழே வெட்டி இறக்குங்கள், புஷ் போடும்போது ஷாஃப்ட்டையும் அளந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பட்டறையிலிருந்து ஸ்டார்ட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் உட்கார்ந்து பேசுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். ஃபீல்டு காயில் எரிந்திருந்தாலும் அதே செம்புப் பட்டைக்குப் புதுக் காப்பு சுற்றி வார்னிஷ் போட்டு எடுக்க முடியும்.

பழுது பார்த்ததைத் திரும்ப வாங்கப் போகும்போது மேசை மேல் சுற்றிக் காட்டுவதில் மயங்க வேண்டாம். சுமை இல்லாமல் எல்லா ஸ்டார்ட்டரும் வேகமாகத்தான் சுற்றும். சுமை கொடுத்துச் சோதிக்கும் வசதி இருந்தால் அங்கேயே பாருங்கள், இல்லையென்றால் வண்டியில் மாட்டிச் சரியாக ஓடிய பிறகுதான் கணக்கு முடிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்பன் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, கான்டாக்ட் எப்படிக் கருகியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே எதனால் போனது என்று புரியும்.

இணையத்தில் விற்கும் புதியது இரண்டாவது வழி. மோசம் என்று ஒதுக்க மாட்டேன். இப்போது வருபவை பெரும்பாலும் கியர் ரிடக்‌ஷன் வகை. உள்ளே சின்ன மோட்டார் மிக வேகமாகச் சுற்ற, கியர் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது. எடை குறைவு, அதே வேலைக்கு மின்சாரமும் குறைவாக இழுக்கும், வயதான பேட்டரிக்கும் கேபிளுக்கும் நல்லது. அமெரிக்க எஞ்சின்களில் டெல்கோ ரெமியின் கனத்த 42எம்டி ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில், அதில் ஏறக்குறைய பாதி எடையுள்ள 39எம்டி வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் இசுசுவுக்கும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் ‘அதே மாதிரி’ என்பது ஒரு அளவு அல்ல. நீங்கள் எழுதிய தாளை விற்பவருக்கு அனுப்பி, அந்தப் பொருளின் மேலேயே வெர்னியர் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியல் படத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். கிலோவாட் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பழையதைவிடக் குறைவாக வாங்காதீர்கள். இங்கே வந்து சேரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் விலையில் சேரும் என்பதை முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஜொகூர் கடையில் ஸ்டார்ட்டர் மட்டும் தருவார்கள் என்றால் போய்ப் பார்க்கலாம். பழைய ஸ்டார்ட்டரையும் வெர்னியரையும் கையோடு கொண்டு போங்கள். பின் மூடியைத் திறந்து கம்யூட்டேட்டர் பார்க்க விட வேண்டும். காபி நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நல்லது. பட்டைகள் சில கருத்து, பள்ளம் விழுந்து, ஓரத்தில் சால்டர் தெறித்திருந்தால் வேண்டாம். வேலைக்காகக் கொண்டு வரும் பாகத்துக்குப் பயணிகளுக்கான வரிச் சலுகை கிடையாது. சுங்க நடைமுறையை முறையாக முடித்துக் கொண்டு வாருங்கள்.

எஞ்சினோடு எடுத்துக்கொள் என்ற பேச்சை மட்டும் கேட்காதீர்கள். இங்கே 2012 ஜூலை 1 முதல், இறக்குமதியாகும் சாலை சாரா டீசல் எஞ்சின்கள் ஐரோப்பிய ஸ்டேஜ் 2, அமெரிக்க டியர் 2, ஜப்பான் டியர் 1 ஆகியவற்றில் ஒரு தரத்தையாவது எட்ட வேண்டும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி இருக்கிறது. 1980களின் 6பிடி1 அந்தத் தரங்களுக்கு முந்தியது. ஸ்டார்ட்டர் என்ற ஒரு பாகத்துக்காகப் போய், கொண்டு வர முடியாத எஞ்சினுக்கு முன்பணம் கட்டிவிட்டு நிற்க வேண்டாம்.

எதுவுமே பொருந்தவில்லை என்றால் வேறு எஞ்சினின் ஸ்டார்ட்டரை இடைத்தட்டு கடைந்து மாட்டும் வழி கடைசியாக இருக்கிறது. நல்ல மெஷின் ஷாப்பால் முடியும். பல்லின் பருமன் ஒன்றாக இருப்பது இதற்கு முதல் நிபந்தனை. தட்டின் மையம் பிசகினால் பினியனும் ரிங்கும் சாய்ந்து கடித்துக்கொள்ளும். தட்டின் கனம் பினியன் போய்ச் சேரும் ஆழத்தையும் மாற்றும். எண் இல்லாத, எஞ்சினும் அபூர்வமான வண்டிக்கு இதைச் செய்யலாம். 6பிடி1-க்கு அந்த நிலை வரும் என்று நான் நினைக்கவில்லை. காற்றழுத்தத்தில் சுற்றும் ஸ்டார்ட்டர்கள் கப்பல் பட்டறைகளில் கிடைக்கும், நிலையாக நிற்கும் பெரிய ஜெனரேட்டருக்கு அவை அருமையானவை, ஆனால் லோடருக்குக் காற்று டேங்கைச் சுமக்க வைப்பதில் அர்த்தமில்லை.

எந்த ஸ்டார்ட்டர் வந்தாலும் மாட்டும்போது இதை மறக்காதீர்கள். போல்ட்டை இறுக்குவதற்கு முன், ஹவுசிங் முகத்திலிருந்து ரிங்கின் முன்விளிம்பு வரை ஆழ அளவு எடுத்து, பினியன் தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஓய்வில் இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் ஓடும்போது உரசும். ஃபிளாஞ்ச் முகத்திலும் ஹவுசிங் முகத்திலும் இருக்கும் பெயிண்டையும் துருவையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள், எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. பழைய ஸ்டார்ட்டரை, புதியது சில வாரம் சீராக ஓடும் வரை எவரிடமும் மாற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அளவு சரிபார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே அசல் அதுதான்.

முதலாளியிடம் இரும்பு விலையையும் வண்டி வேலை செய்யும் நாளின் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். எஞ்சினும் ஹைட்ராலிக்கும் நீங்கள் சொல்வது போல இருந்தால், ஒரு ஸ்டார்ட்டருக்காக இரும்புக்குப் போகும் வண்டி அல்ல இது.

அந்த நான்கு மீட்டர் அளவுகளையும், வெர்னியர் தாளையும், ஸ்டார்ட்டரை முன்னால், பக்கத்தில், பின்னால் எடுத்த மூன்று படங்களையும், ரிங் பற்களின் படத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். எஸ் டெர்மினல் அளவை மறக்காமல் எழுதுங்கள், நான் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.